முகாமில் குடிநீர்: கொண்டுபோவதும் குடிக்க வைப்பதும்

(மேல்சித்தாமூரில் ஆசிரியர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேல்சித்தாமூரில் தங்கி நாம் நடத்தவிருக்கும் மூன்று நாள் மாணவர் முகாமுக்காக இங்கே கூடியிருக்கிறோம். உணவு, தங்குமிடம், வண்டி, பெற்றோர் ஒப்புதல் கடிதம் என ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். எனக்குத் தரப்பட்டிருப்பது குடிநீர். நான் அறிவியல் ஆசிரியை. சாரணியர் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. “தண்ணீர்தானே டீச்சர், போன் செய்தால் கேன் வந்துவிடும்” என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேன் வந்துவிடும், அதில் ஐயமில்லை. அந்தக் கேனில் உள்ள தண்ணீர் நாற்பது பிள்ளைகளின் உடலுக்குள் போய்ச் சேருமா என்பதுதான் என் கேள்வி. அதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

சில மணி நேரப் பாலை

முதல் நாள் இந்த ஊரின் பார்சுவநாதர் கோயிலையும் சமண மடத்தையும் பார்க்கிறோம். இரண்டாம் நாள் செஞ்சிக் கோட்டையில் இராஜகிரி ஏறுகிறோம். மூன்றாம் நாள் திருநாதர் குன்று. பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்ட 24 தீர்த்தங்கரர் உருவங்களையும், தமிழ் எழுத்து வரலாற்றில் ‘ஐ’ என்னும் எழுத்துக்காகப் பேசப்படும் பழைய கல்வெட்டையும் பிள்ளைகள் அங்கே நேரில் காண்பார்கள்.

இவை எல்லாமே பாறை. பாறை பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ஏறுபவர் மேல் திருப்பி வீசும். இராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. படியில் கால் வைத்த பிறகு வழியில் கடை கிடையாது, குழாய் கிடையாது. பாலை தனி நிலம் அன்று, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து அந்த நிலையை அடையும் என்று நாம் வகுப்பில் திணை நடத்தும்போது சொல்கிறோம். உச்சி வெயிலில் இராஜகிரிப் படிக்கட்டும் அப்படித்தான். நம் மாவட்டம் ஆண்டுதோறும் நல்ல மழை பெறும் மாவட்டமாக இருக்கலாம். ஆனால் மலையேறும் அந்த மூன்று மணி நேரத்துக்கு, கையில் உள்ள பாட்டிலைத் தவிர வேறு நீர் இல்லாத பாலையில் இருப்பதாகவே நாம் எண்ணிக்கொள்ள வேண்டும். எனவே பாலைவனப் பயணத்துக்கு என்ன கணக்குப் போடுவார்களோ அதே கணக்கை நாமும் போடுவோம்.

பாலைவனம் கற்றுத் தந்தது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் அடால்ஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். அந்த முடிவுகள் 1947இல் நூலாக வந்தன. குறைந்த தண்ணீரில் சமாளிக்க உடலைப் பழக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலப் படைகளில் இருந்தது. அப்படிப் பழக்க முடியாது என்று அவர்கள் காட்டினார்கள். வியர்வையாகப் போனதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். பாட்டிலில் நீரை மிச்சம் பிடித்து வைத்திருப்பதால் உடலில் நீர் மிச்சமாவதில்லை. வெயிலைத் தவிர்ப்பது, நிழலில் இருப்பது, உடலை ஆடையால் மூடிக்கொள்வது ஆகியவற்றால் வியர்வையை வேண்டுமானால் குறைக்கலாம்.

அவர்கள் கண்ட இன்னொரு செய்தி நம் வேலைக்கு மிக முக்கியமானது. தண்ணீர் பக்கத்திலேயே தாராளமாக இருந்தும், வீரர்கள் தாங்கள் இழந்த அளவுக்குக் குடிக்கவில்லை. தாகம் அந்த அளவுக்கு அவர்களைத் தூண்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தக் குறையை ஈடுசெய்தார்கள். வளர்ந்த, பயிற்சி பெற்ற வீரர்களின் நிலையே இது. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை “தாகமா இல்ல டீச்சர்” என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பி நாம் சும்மா இருந்துவிட முடியாது.

கணக்கு

மாணவர்கள் 40, ஆசிரியர்கள் 5, ஆக 45 பேர். பேரிடர் உதவிப் பணிகளில் பின்பற்றப்படும் ‘ஸ்பியர்’ கையேடு, குடிக்கவும் உணவுக்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லிட்டர் வரை உயிர்வாழத் தேவை என்கிறது. நாம் வெயிலில் மலையேறுகிறோம். ஆகவே குடிக்க 5 லிட்டர், சமைக்க 2 லிட்டர், மொத்தம் ஒருவருக்கு 7 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

45 பேருக்கு ஒரு நாளைக்கு 315 லிட்டர். 20 லிட்டர் கேனாகச் சொன்னால் 16 கேன். மூன்று நாளைக்கு 48 கேன். இத்துடன் ஒரு முழு நாளுக்கான 16 கேன்களைக் கையிருப்பாக வைக்க வேண்டும். வண்டி பழுதானால், ஒரு கேன் உடைந்தால், சாலை மறியல் வந்தால் கைகொடுப்பது அந்தக் கையிருப்புதான். ஆக 64 கேன், 1,280 லிட்டர்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வண்டி பேசும்போது நாம் அதை மறந்துவிடுகிறோம். 64 கேனின் நீர் மட்டுமே ஒன்றேகால் டன்னைத் தாண்டும். ஒரு சின்னச் சரக்கு வண்டியில் இதை ஒரே நடையில் ஏற்றுவது ஆபத்து. எனவே முதல் நாள் 32 கேன் வரும். அவற்றில் 16 அன்றைய செலவுக்கு, 16 கையிருப்பு. இரண்டாம் நாள் காலையிலும் மூன்றாம் நாள் காலையிலும் 16 காலிக் கேனைக் கொடுத்துவிட்டு 16 நிறைகேன் வாங்கிக்கொள்வோம். எந்த நேரத்திலும் நம் கையில் குறைந்தது ஒரு நாளைக்கான நீர் இருக்கும். வண்டியின் பதிவுச் சான்றிதழில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். பிள்ளைகள் போகும் வண்டியில் கேன் ஏற்றக் கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் 20 கிலோ கேன் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

கை கழுவ, பாத்திரம் துலக்க, கழிப்பறைக்கு என ஒருவருக்கு நாளொன்றுக்கு மேலும் 15 லிட்டர் தேவை. இது கேன் தண்ணீராக இருக்க வேண்டியதில்லை, தொட்டி நீர் போதும். ஆனால் நாளொன்றுக்கு 675 லிட்டர் அந்தத் தொட்டியில் இருக்கிறதா என்பதை முதல் நாளே ஏறிப் பார்த்துவிட வேண்டும். அது தீர்ந்துபோனால் பிள்ளைகள் குடிநீரில்தான் கை கழுவுவார்கள். நம் கணக்கு அத்தனையும் கவிழ்ந்துவிடும்.

வைக்கும் முறை

எல்லா நீரையும் ஒரே பெரிய தொட்டியில் வைப்பதைவிடப் பல கேன்களில் வைப்பதே நல்லது. ஒன்று கவிழ்ந்தாலும் ஒன்றில் அழுக்கு விழுந்தாலும் மற்றவை தப்பும். பெயின்ட், அமிலம், பூச்சிமருந்து இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது. கிராமப்புறத்தில் இந்தப் பழக்கம் இன்னும் இருப்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். கேன் வாங்கும்போது மூடியின் முத்திரை, தயாரித்த தேதி, உரிம எண் ஆகிய மூன்றையும் பாருங்கள். கேன்களை வெயில் படாத அறையில், தரையில் நேரடியாக வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

வெதுவெதுப்பான நீரைப் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள். நீர் சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால் தானாகக் குடிப்பார்கள். தார்ப் பாலைவனத்தில் ‘சாகல்’ என்னும் கித்தான் பையில் நீரை ஊற்றி வண்டிக்கு வெளியே தொங்கவிடுவார்கள். துணியில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிரும். நம் வீட்டு மண்பானையும் அதே அறிவியல்தான். நான்கு புதிய மண்பானைகளை இரண்டு நாள் முன்பே நீரூற்றிப் பழக்கி, மூடியும் குழாயும் வைத்து நிழலில் வைப்போம். குவளையை உள்ளே விட்டு மொள்ளும்போது கையிலுள்ள அழுக்கும் சேர்ந்து இறங்குகிறது. குழாய் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

தூய்மை

இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நீரைத் துணியில் வடிகட்டி, காய்ச்சிப் பருகுவது சமண மரபு. நீரில் உள்ள சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேரக் கூடாது என்ற அறத்தில் பிறந்த பழக்கம் அது. வங்கதேசத்தில் மட்லாப் பகுதியின் கிராமங்களில் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. பழைய பருத்திச் சேலையை எட்டு மடிப்பாக வருமாறு மடித்து நீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மிதவை உயிரிகளைத் துணி தடுத்துவிடுகிறது. ஆனால் பாதிதான் குறைந்தது என்பதையும் கவனியுங்கள். தனியாக நீந்தும் கிருமி துணியில் நிற்காது. அதனால்தான் வடிகட்டலுக்குப் பின் காய்ச்சுதல் வேண்டும்.

கேன் வராமல் உள்ளூர் நீரைப் பயன்படுத்த நேர்ந்தால், வடிகட்டி, நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடமாவது கொதிநிலையில் வைத்து, மூடி ஆறவிட வேண்டும். விறகும் நேரமும் இல்லையென்றால் குளோரின். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். மாத்திரை என்றால் அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அதன்படி. கலங்கிய நீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. தெளிய வைத்த பிறகே போட வேண்டும். போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

குடிக்க வைப்பது

இதுவரை சொன்னது பாதி வேலை. இனிச் சொல்வதுதான் ஆசிரியர்களாகிய நம்முடைய வேலை.

மலையேறும் நாளில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை 100 முதல் 250 மில்லி வரை நீர் தேவை என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். 200 மில்லி என்று வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு 1.8 லிட்டர். எனவே ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு; அடிவாரத்தில் மீண்டும் நிரப்ப இரண்டு கேன். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கை, பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. தண்ணீரே 2 கிலோ ஆகிவிடுவதால், பையில் தொப்பியும் துண்டும் தின்பண்டமும் தவிர வேறெதுவும் வேண்டாம். செஞ்சியில் குரங்குகள் அதிகம். பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாமல் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் தண்ணீர் குடிக்க மணி அடிப்பது போல மலையிலும் 20 நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் கேட்டதும் எல்லோரும் நிழலில் நின்று குடிக்க வேண்டும், ஆசிரியரும் குடிக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. “குடித்தாயா?” என்று கேட்காமல் பாட்டிலில் நீர்மட்டத்தைப் பாருங்கள். கோட்டை திறந்ததும் ஏறத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடுவோம். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் நீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் நல்லதில்லை. இறங்கியதும் உப்பிட்ட மோர், மதியம் நிறைவான சாப்பாடு. மோரையும் கேன் நீரில்தான் கரைக்க வேண்டும்.

அடுத்தது, நாம் பேசத் தயங்கும் செய்தி. பயணத்துக்கு வரும் பெண் குழந்தைகளில் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். பல பயணங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி முழுப் பாட்டிலை மாலையில் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஏன் என்று தனியாகக் கேட்டதற்கு, “குடிச்சா எங்க டீச்சர் போறது?” என்றாள். அந்த ஒரு கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லையென்றால் 64 கேனும் வீண். ஆகவே குடிநீர்ப் பட்டியலோடு கழிப்பறைப் பட்டியலும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கழிப்பறை எங்கே, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று முந்தின வாரமே ஓர் ஆசிரியை நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். புறப்படும் முன்பே பிள்ளைகளிடம் “இந்தந்த நேரத்தில், இந்தந்த இடத்தில் நிறுத்துவோம்” என்று சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நாட்களில் இருக்கும் பிள்ளைகளுக்காக நாப்கினும் காகித உறையும் ஆசிரியையிடம் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கும் நிலை முகாமில் யாருக்கும் வேண்டாம்.

இன்னொன்று, பரிமாறுதல். ஒவ்வொருவருக்கும் தனி டம்ளர் இருப்பது சுகாதாரத்துக்காக. ஆனால் கேனைத் திறப்பதும் பானையில் ஊற்றுவதும் ஊற்றிக் கொடுப்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்து வர வேண்டும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவ்தார் குளத்து நீரை அள்ளிப் பருக ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்த நாடு இது. யார் கையால் ஊற்றினாலும் தண்ணீர் தண்ணீர்தான் என்பதைப் பாடம் நடத்தாமலேயே முகாம் கற்றுக்கொடுத்துவிடும்.

அடையாளங்கள்

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நீர் போதும். அடர் மஞ்சளானால் போதவில்லை. இதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். தலைவலி, தலைசுற்றல், வாந்தி உணர்வு, தசைப்பிடிப்பு தென்பட்டால் உடனே நிழல், ஓய்வு, உப்புச் சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டருக்கு ஒன்று என்ற அளவிலேயே கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பேச்சு குழறினால், நடை தடுமாறினால், உடல் கொதித்தால் அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடலெங்கும் நீரூற்றி விசிறுங்கள். நினைவிழந்த பிள்ளையின் வாயில் ஒரு சொட்டு நீரும் ஊற்றக் கூடாது. சிறுநீரகம், இதயம் தொடர்பான நோய் உள்ள பிள்ளைகளின் விவரத்தை ஒப்புதல் கடிதத்திலேயே பெற்றோரிடம் கேட்டுப் பெற்றுவிடுங்கள்.

பிள்ளைகளின் கையில் கணக்கு

இந்த வேலையைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் நாமே செய்து முடித்துவிட வேண்டாம். 45 பேருக்கு எத்தனை கேன், எத்தனை கிலோ என்பது கணக்கு வகுப்பு. பானை ஏன் குளிர்கிறது என்பது அறிவியல் வகுப்பு. செஞ்சிக் கோட்டை 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கியது. அங்குள்ள சக்கரக்குளத்தையும் செட்டிகுளத்தையும் காட்டி, “இத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தவர்கள் எதைக் குடித்திருப்பார்கள்?” என்று கேளுங்கள். 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் கோட்டையின் மதிலைப் போலவே அதன் குளங்களும் அதைக் காத்தன என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

முகாமில் ஒவ்வொரு நாள் இரவும் ஐந்து பிள்ளைகள் கொண்ட குழு ஒன்று காலிக் கேன்களை எண்ணி நோட்டில் எழுதட்டும். 16 காலியாக வேண்டிய நாளில் 10தான் காலியாகியிருக்கிறது என்றால், தண்ணீர் மிச்சம் என்று மகிழாதீர்கள். யாரோ குடிக்கவில்லை. அது யார், ஏன் என்று அன்றிரவே கண்டுபிடித்துவிட்டுத்தான் நாம் படுக்கப் போக வேண்டும்.

வண்டி, கழிப்பறைப் பார்வை, விசில், இரவுக் கணக்கு ஆகிய நான்கு பொறுப்புகளுக்கும் பெயர் எழுத இந்தத் தாளை இப்போது சுற்றில் விடுகிறேன். கழிப்பறைப் பார்வைக்கு இரண்டு ஆசிரியைகள் தேவை. முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன்.